யூபோனியம் துலக்கிய கிழமை

யூலை 31, வியாழன்

சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது. முற்றம் கூட்டி முடிய முதல் பழையபடி மணல்.

காலைப் பூசை முடிந்து கோவில் சாமான் அறை திறந்தார்கள். மாதா திருநாளுக்கு இம்முறை பாண்ட் உண்டு. கொரோனா தொட்டுப் பூட்டிக் கிடந்த வாத்தியங்கள்: கோர்னெட் இரண்டு, ட்ரொம்போன் ஒன்று, இவருடைய பெரிய குழல், யூபோனியம். கோவில் சொத்துத்தான். ஆனாலும் சாகும்வரை என் மனுசன் இவர்தான் ஊதினார், கந்தோரில் வேலை முடிந்து வந்தால் சேட்டுக் கழற்ற முதல் அதைத்தான் தூக்குவார். இன்றைக்கு அது பித்தளை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கறுப்பு, அதன்மேல் பச்சைக் களிம்பு.

பாண்ட் மாஸ்டர் மரியதாஸின் யோசனை வேறு. மாதா சுருபம் வைக்கிற கூட்டுக்குத் தங்க நிறம் அடிக்க பெயின்றர் செல்வன் வருகிறான், அதே ஸ்பிறேயை வாத்தியங்களுக்கும் அடித்துவிடுவோம் என்கிறான்.

"ஒரு மணித்தியாலத்திலை தங்கம் மாதிரி நிக்கும் அக்கா."

"நிக்கும். ஊதேலாது."

பெயின்ற் வால்வுக்குள் இறங்கினால் விரல் அழுத்தியது அழுத்தியபடி நிற்கும். பித்தளையைத் துலக்க வேண்டும், மூடக் கூடாது. பங்குச் சுவாமியிடம் நேரே சொன்னேன். அவர் நியாயமானவர். புதன் கொடியேற்றம்; செவ்வாய் பின்னேரம் வரை எனக்குத் தவணை, அதற்குள் துலங்காதது ஸ்பிறேக்கு. நான்கையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். உதவிக்கு வந்தவர்களை வேண்டாம் என்றேன். கை நழுவ விடுவார்கள்.

வாங்க: பழப்புளி, தேசிக்காய், தையல் மெசின் எண்ணெய், சணல் கயிறு. சாம்பல் பின் வீட்டில்.

ஓகஸ்ட் 1, வெள்ளி

மாதத்தின் தலைவெள்ளி. பாவசங்கீர்த்தனத்துக்கு நீண்ட வரிசை. வந்த கையோடு வேலை.

முதலில் குளிப்பாட்டல். பெரிய பேசினில் இளஞ்சூட்டு நீர், சவர்க்காரம். கொதிநீர் ஆகாது. கழற்றக் கூடியதெல்லாம் கழற்றி, வால்வு ஒவ்வொன்றையும் அதன் இலக்கத்தோடு தனித்தனித் துணியில் வைத்தேன். சணலில் துணி கட்டிக் குழாய்க்குள் இழுத்ததில் வந்தவை: குளவி மண், பல்லி முட்டை, யாரோ மென்று விட்ட சூயிங் கம். கடைசியது எந்த வாயிலிருந்து என்று எனக்குத் தெரியும். எழுதவில்லை.

இவருடைய தங்கை பிலோமினா மச்சாள் என்னோடுதான் இருக்கிறாள். கதிரையைப் போட்டு இருந்து முழுவதும் பார்த்தாள். வேலைக்குக் கை தரவில்லை, வாய் தந்தாள்.

"என்ரை அண்ணைக்கு ஒரு நாளும் முதுகு தேய்ச்சு விட்டதாத் தெரியேல்லை. உதுக்கு மட்டும் வெந்நீரோ மச்சாள்?"

"உங்கடை அண்ணை களிம்பு பிடிக்க விடேல்லை."

சிரித்துச் சிரித்து இருமினாள். மருந்து எடுக்க மறந்திருக்கிறாள். கொடுத்தேன்.

ஓகஸ்ட் 2, சனி

கோர்னெட்டுகள் முடிந்தன. புளி, கழுவல், சாம்பல், கழுவல், துடைத்தல், கடைசியில் பழைய சாரத் துணி. நான் சின்னதில் இருந்து படித்த கொன்வென்ற் போடிங்கில் சனிக்கிழமைகளில் சிற்றாலயத்துக் குத்துவிளக்குகளைத் துலக்குவது எங்கள் வகுப்பு. முகம் தெரிந்தால் மதருக்குப் போதாது, பல்லுத் தெரிய வேண்டும். இன்றைக்கு இரண்டிலும் என் பல்லுத் தெரிந்தது. கட்டுப்பல்.

ட்ரொம்போனின் இழுகுழாய் அசையவில்லை. எண்ணெய் விட்டுச் சாய்த்து வைத்திருக்கிறேன். பலம் காட்டுகிற விஷயம் இல்லை இது.

மீன் வாங்கவில்லை. விலை கேட்டதே போதும்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

ஞாயிறு. வேலை செய்யவில்லை. ட்ரொம்போனைத் தொட்டுப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது. தொட்டுப் பார்ப்பது வேலை இல்லை.

பாண்ட் மாஸ்டர் ம. வந்தான். கோர்னெட் ஒன்றை யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரல் படாமல் துணியால் பிடித்துத் திரும்ப வைத்தான், எனக்கு அது போதும். போகும்போது படலையில் நின்று, யூபோனியம் தான்தான் ஊதப்போவதாகச் சொன்னான். அதற்கு வேறு ஆளில்லை என்பது தெரிந்ததுதான். தலையாட்டினேன்.

ஓகஸ்ட் 4, திங்கள்

ட்ரொம்போனை விடியப்புறமே மினுக்கி முடித்தேன். பிறகு யூபோனியம். புளி பூசி முடிக்க, கனடாவிலிருந்து மகனின் ரெலிபோன். வழமையான கதை: இங்கை வாங்கோ, தனிய ஏன் கஷ்டப்படுறீங்கள். பிலோமினா மச்சாளும் நான்கு வாத்தியங்களும் இருக்க நான் தனிய இல்லை என்றேன். விளங்கவில்லை அவனுக்கு. கதை நீண்டது. திரும்பி வர, புளி காய்ந்து ஒட்டிவிட்டது.

கழுவ, மற்ற இடமெல்லாம் பொன். பக்கக் குழாயில் மட்டும் ஒரு விரல் நீளத்துக்குச் செம்பு நிறம். புளி கிடந்த கறை. சாம்பல் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. நாளைக்குப் போகும்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

என் பிழை. இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது.

விடியத் தேய்த்தேன், செம்பு நிறம் போகவில்லை என்று இன்னும் இன்னும் அழுத்தி. பத்து மணிக்கு ம. ஊதிப் பார்க்க வந்தான். முதல் மூச்சிலேயே சீறல், சைக்கிள் ரியூப் போல. சத்தம் வரவில்லை. அந்தச் செந்நிறத்தின் நடுவில் குண்டூசி நுழையும் ஓட்டை.

புளிக் கறை என்றேன். ம. இடக்கையால் யூபோனியத்தை அணைத்துப் பிடித்துக் காட்டினான். விரல்கள் சரியாக அந்த இடத்தில் வந்து நின்றன.

"கறையில்லை அக்கா. அண்ணையின்ரை கை வேர்வை தின்ட இடம். தகடு மெலிஞ்சு போச்சு."

அவர் பிடித்த இடத்தை நான் தேய்த்துத் தீர்த்திருக்கிறேன்.

அழவில்லை. ஓட்டோ கூப்பிட்டேன். கார் ரேடியேற்றர் பற்றவைக்கிற கடைக்குப் போனோம். கடைக்காரர் இப்படி ஒன்றைக் கண்டதே இல்லை என்று இரண்டு தரம் சொன்னார். சூடு கூடினால் பக்கத்துத் தகடும் போகும் என்று நானும் இரண்டு தரம் சொன்னேன். ஈயம் வைத்தார். காற்றுப் பிடித்தது. ஆனால் அவ்வளவு பொன்னுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு தழும்பு, அட்டை ஒட்டினது மாதிரி.

அங்கிருந்து நேரே கோவிலுக்கு, தவணைக்கு முன். செல்வன் கூட்டுக்கு அடித்துக்கொண்டு நின்றான். தழும்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நல்ல பெடியன், கெட்ட எண்ணம் இல்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"அன்ரி, உந்த இடத்துக்கு மட்டும் ஒரு பூச்சு. ஒருதருக்கும் தெரியாது."

ஒரு பூச்சுத்தான். வால்வுக்குக் கிட்டவும் இல்லை. நாளைக்கு ஊர் முழுக்க வரும். வியாழக்கிழமை நான் சுவாமிக்கு முன் கதைத்ததைக் கேட்டவர்கள் எல்லாரும் வருவார்கள். டப்பாவைக் குலுக்கிக்கொண்டு நின்றான். உள்ளே குண்டு கிடந்து உருண்டது. வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

சொன்னேன்.

சுவாமியிடம் நான்கையும் காட்டி, தழும்பையும் காட்டி, எப்படி வந்தது என்றும் சொன்னேன். அவர் ஊதச் சொன்னார். ம. ஊதினான். ஸ்பிறே வேண்டாம் என்றார்.

பிலோமினா மச்சாளிடம் வந்து சொன்னேன். தேத்தண்ணி போட்டுத் தந்தாள். சீனி கொஞ்சம் கூடுதலாக.

ஓகஸ்ட் 6, புதன்

கொடியேற்றம். காற்றில் கொடி அரைக் கம்பத்தில் சுற்றிக்கொண்டது, இழுத்து விட்டார்கள். நீலச் சேலை உடுத்தேன், கஞ்சி போட்டது.

பாண்ட் வாசலால் வந்தது. கோர்னெட்டுகள் கண்ணைக் கூசவைத்தன. ட்ரொம்போன் ஓரிடத்தில் பிசகியது, அது ஊதினவரின் பிழை, குழாயினது அல்ல. அடியில் யூபோனியம், நெஞ்சுக்குள் நிற்கிற அந்தச் சத்தம். ம. இவரைப் போல ஊதமாட்டான். ஆனால் மூச்சு ஒழுகவில்லை. ஒரு இடத்திலும் ஒழுகவில்லை.

பூசை முடிய, திருநாள் குழுச் செயலாளரின் மனைவி கிட்ட வந்து, எல்லாம் வடிவாய் மினுங்குது, அந்தப் பெரிய குழலில் மட்டும் என்ன அசிங்கமாய் ஒட்டிக் கிடக்கிறது என்று கேட்டாள். பக்கத்தில் நாலைந்து பேர்.

"அது நான் தேய்ச்சு ஓட்டையாக்கினது" என்றேன். "ஈயம் வைச்சிருக்கு."

அவள் கதையை மாற்றினாள். திருநாள் கேக் யார் அடிக்கிறது என்று கேட்டாள்.

ம. வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். மாதாவின் சுற்றுப்பிரகார ஊர்வலத்துக்கு முதல் இன்னொருக்கால் மினுக்கித் தருவியளோ அக்கா என்றான்.

ஓம் என்றேன். அந்த இடம் தவிர.