பதினாலு பல்சக்கரம்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஒரு நிலையில் இல்லை. போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

லேத்தின் பல்சக்கரப் பெட்டியைத் தானே எங்கேயோ தொலைத்துவிட்டதாக அப்பா உன்னிடம் சொன்னார் இல்லையா, அது பொய். தொலைத்தது நான். கண் ஆபரேஷனுக்காக அவர் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு நாளும் துணைக்கு உன் சித்தப்பா இருந்தார், நான் வீட்டில் சும்மா இருக்கவில்லை. கண்ணில் தூசி படக்கூடாதாமே, திரும்பி வரும்போது பட்டறை சுத்தமாக இருக்கட்டும் என்று ஒழித்துப் போட்டேன். லேத்துக்கு அடியில் எலிப்புழுக்கையும் கிரீஸுமாக ஒரு மரப்பெட்டி, உள்ளே துருப்பிடித்த சக்கரங்கள். பழைய இரும்புக்காரர் வந்தார், கொடுத்துவிட்டேன். அவர் ஒருவரால் தூக்க முடியவில்லை என்று நானும் ஒரு கை பிடித்தேன், அதைத்தான் மறக்க முடியவில்லை. கட்டுப் பிரித்த அன்று அப்பா பட்டறைக்குள் போய்க் குனிந்து பார்த்து, “இங்க இருந்த பெட்டி எங்க?” என்றார். சொன்னேன். கத்துவார் என்று காத்திருந்தேன், கத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, “பதினாலு சக்கரம் இருந்துச்சு” என்றார், அவ்வளவுதான். அந்த லேத் அவர் பிறப்பதற்கு முன்பே செய்தது, அந்தச் சக்கரங்களை மாற்றி மாற்றி மாட்டினால்தான் அது திருகைச் சுற்றி ஓடும் பள்ளத்தை, அதாவது மரையை, வெட்டுமாம், இப்போது கிடைக்கும் சக்கரம் எதுவும் அதில் உட்காராதாம். இதுவும் சித்தப்பா சொல்லித்தான் தெரியும். முப்பத்தெட்டு வருஷம் அந்த மெஷினோடும் சேர்த்துக் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், ஒருநாள் கேட்டதில்லை. ஓட்டமும் நடையுமாக இரும்புக்கடைக்குப் போனேன். லாரி எப்போதோ போய்விட்டது, இந்நேரம் உருக்கியிருப்பார்கள் என்றார் இரும்புக்காரர். அவர் மனைவி தண்ணீர்த் தொட்டியின் மூடி பறக்காமலிருக்க ஒரு சக்கரத்தை மேலே வைத்திருந்தாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை எடுத்துக் கொடுத்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். அப்பா வாங்கி விரலால் பல்லை எண்ணி, “நாப்பத்தஞ்சு” என்று சொல்லி ஆணியில் மாட்டினார்.

நம் பைண்டரின் புத்தகம் அழுத்தும் பிரஸ்ஸில் திருகு முறிந்து, புதிது செய்து தருவதாக அப்பா முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். அவர் வந்து கேட்டபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். “நான்தான் பெட்டிய எங்கயோ வெச்சுத் தொலைச்சுட்டேன், வயசாகுதில்ல” என்று அப்பா சிரிக்கிறார். வெளியே வந்து உண்மையைச் சொல்லக் கால் வரவில்லை, அங்கே நிற்கவும் முடியவில்லை. வேறு பட்டறையில் கொடுத்துக்கொள்கிறேன் என்று பைண்டர் சொல்லியும் இவர் விடவில்லை, “ஒத்துக்கிட்டேன்ல, கையாலயே போட்டுத் தரேன்” என்றுவிட்டார். மூன்று வாரமாகக் கம்பியில் காகிதம் ஒட்டி, பென்சிலால் கோடு போட்டு, அரத்தால் ராவிக்கொண்டே இருக்கிறார். கண்ணை வருத்தக்கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அந்தக் கண்ணிலிருந்து நீராகக் கொட்டுகிறது, தோளில் துடைத்துக்கொள்கிறார். போதும் விடுங்கள் என்று எந்த வாயால் சொல்வேன்? வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடுகிறேன், வேறென்ன தெரியும் எனக்கு. என்னைத் திட்டியாவது தொலையுங்களேன் என்று ஒருநாள் அழுதேவிட்டேன். “உன்னத் திட்டினா மரை விழுந்துடுமா?” என்றார், கோபமே இல்லாமல்.

நேற்று முடித்தார். பைண்டர் கடைக்கு நானும் கூடப் போனேன். திருகு இரண்டு சுற்று வழுக்கிக்கொண்டு இறங்கியது, எனக்கு உயிர் வந்தது. மூன்றாவது சுற்றில் இறுகி நின்றுவிட்டது. அப்பா அதைக் கழற்றித் துணியில் சுற்றி, “கொஞ்சம்தான் பாக்கி” என்றார். இதை எழுதும்போதும் பட்டறையில் அரம் ஓடுகிறது.

பேத்தியின் இருமல் நின்றதா? வெந்நீரே கொடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். அடுத்த முறை போன் செய்யும்போது அப்பாவிடம் கண்ணைப் பற்றி மட்டும் பேசு, நீ சொன்னால் ஒரு மணி நேரமாவது அரத்தைக் கீழே வைப்பார். பெட்டி விஷயம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. எனக்காக அவர் சொன்ன பொய் அது, அதையும் நான் தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா