பின் சீட்டுக்கு வரும் காற்று

1974 அக்டோபர் 22, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஷெட் தகரத்தில் புது ஓட்டை. அடியில் வாளி வைத்தாயிற்று.

பாகூர் பிலோமினா அம்மாவின் வண்டி வந்தது. கறுப்பு நிறம், வெளிநாட்டு உருப்படி, ஸ்டியரிங் இடது பக்கம். அவர் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், ஊரில் சொல்தா என்றே பேர். சைகோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த வண்டி. போன மழைக்காலத்தில் இதன் பின் சீட்டில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

குளிர்மெஷின் டிக்கிக்குள் இருக்கிறது. பின் சீட்டுக்கு மேலே, முதுகுப்பக்கப் பலகையில் இரண்டு துவாரம். காற்று அது வழியாக வரும். இந்த மாதிரி நான் வேறு வண்டியில் பார்த்ததில்லை.

குறை: காற்று கம்மி. கல்லறைத் திருநாளுக்குள் வேண்டுமாம். அவர் கல்லறைக்கு இதில்தான் போகவேண்டுமாம்.

ஓட்டிவந்த டிரைவருக்கு முகமே சரியில்லை. "நாலு கண்ணாடியும் எறக்கிட்டுதான் ஓட்டியாந்தேண்ணே. ஏத்துனா தல வலிக்குது. அந்தம்மா தெனம் மத்தியானம் என்ஜின போட்டுகினு உள்ள உக்காந்து பேசிகினு இருக்குது." யாரோடு என்றேன். பஸ் வந்துவிட்டது என்று ஓடினான். பஸ் ஒன்றும் வரவில்லை.

பெட்ரோல் விற்கிற விலையில், நிற்கிற வண்டிக்கு என்ஜின். வசதியானவர்கள் துக்கம் கொண்டாடுகிற விதமே தனி.

வாங்க: கார்பன் பிரஷ், எம்ரி தாள், ரப்பர் டேப். என் பெண்டாட்டி மங்கைக்கு வெற்றிலை.

அக். 23, புதன்

மழை இல்லை, புழுக்கம். டிக்கியைக் காலி செய்தேன். ஜெபமாலை ஒன்று, ஒற்றைச் செருப்பு (ஆண்), குடை. காற்றாடி மோட்டாரில் பிரஷ் தேய்ந்து நூலாகியிருந்தது. மாற்றினேன். இப்போது நல்ல வேகம். பெரிய வேலையே இல்லை என்று சந்தோஷப்பட்டேன், முட்டாள்.

மத்தியானம் சோதிக்க உட்கார்ந்தேன். என்ஜின் ஓடுகிறது, குளிர்மெஷின் ஓடுகிறது, கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்கிறது. இடது பின் கண்ணாடியை மட்டும் ஒரு விரற்கடை இறக்கி, விளக்கு ஒயரை அதன் வழியாக விட்டிருந்தேன். நான் பின் சீட்டில் வலது பக்கம். குளிர்ச்சி சுகமாக இருந்தது. கண் சொக்கியது.

பிறகு நடந்ததை அப்படியே எழுதுகிறேன், யார் படிக்கப்போகிறார்கள். பக்கத்தில் ஆள் உட்கார்ந்தது போல சீட் அழுந்தியது. ஆண் குரல், சாவதானமாக: "கண்ணாடிய ஏத்து. உள்ள நனையுது."

சரி என்று மனசில் பட்டது. அவ்வளவுதான் ஞாபகம்.

மங்கை டிபன் பாக்ஸால் கண்ணாடியைத் தட்டியதில் விழித்தேன். கதவைத் திறந்து வெளியே விழுந்தேன், வாந்தி. தலை வெடிக்கிறது. "இன்னாயா, மூஞ்சி செக்கச்செவேல்னு கீது? குடிச்சியா?" என்றாள். இல்லை என்று அவளை நம்பவைக்கவே சாயங்காலம் ஆயிற்று.

அந்த ஒயர் கண்ணாடியில் நசுங்கிக் கிடந்தது. கண்ணாடி முழுக்க ஏறியிருந்தது. மழை பெய்யவே இல்லை.

அக். 24, வியாழன்

வேலை ஓடவில்லை. மோர் மட்டும். அந்த வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஸ்கூட்டரைப் பிரித்தேன். பத்து வயசுப் பையன் மாதிரி பயம்.

படுத்துக்கொண்டு யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. டிரைவருக்குத் தலைவலி, எனக்குத் தலைவலி. புகை உள்ளே வருகிறது. பேய்க்கு வாந்தி வராது.

நாளை சாம்பிராணி போட்டுப் பார்க்கவேண்டும். காற்று எங்கே நுழைந்து எங்கே வருகிறது என்பதைப் புகை காட்டிக்கொடுத்துவிடும். ரேடியேட்டர் முதல் ஏர் பில்டர் வரை நான் இப்படித்தான் பார்ப்பது வழக்கம்.

அக். 25, வெள்ளி

தப்பு செய்துவிட்டேன். பீடிப் புகையில் பார்த்திருக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமைக்கு வைத்த சாம்பிராணியை எடுத்ததற்கு மங்கையிடம் முதல் பாட்டு. தணலை டிக்கிக்கு அடியில், புகைக்குழாய் பக்கம் வைத்துவிட்டுக் காற்றாடியைப் போட்டேன். புகை மேலே போகாமல் அப்படியே திரும்பி, டிக்கித் தகரத்துக்குள் உறிஞ்சிக்கொண்டு போனது. துருப்பிடித்த ஓட்டை ஒன்று உள்ளங்கை அகலம், டிக்கியில் விரித்திருந்த சாக்குக்கு அடியில். அதற்கு நேர் கீழே புகைக்குழாயில் வெடிப்பு. காற்றாடி அங்கிருந்து இழுத்து நேராக ஆள் தலைக்கு ஊதுகிறது. நான் பிரஷ் மாற்றியதும் இன்னும் நன்றாக ஊதுகிறது.

நிமிர்ந்தால் பிலோமினா அம்மா. பாகூரிலிருந்து பஸ்ஸில் வந்து, சத்தமில்லாமல் நின்றுகொண்டிருக்கிறார். பார்வை வண்டிக்குள்.

இடது துவாரத்திலிருந்து மட்டும் புகை வந்தது. வெள்ளையாக, மெதுவாக, சீட்டின் இடது மூலையில் இறங்கி அங்கேயே நின்றது. கோயில் வாசனை வேறு. அந்த அம்மா சிலுவை போட்டுக்கொண்டு என் ஷெட் ஆயில் தரையில் மண்டியிட்டுவிட்டார். தூக்கிவிட எனக்குக் கை வரவில்லை.

ஸ்டூலில் உட்காரவைத்துச் சோடா கொடுத்தேன். அவராகவே சொன்னார். புருஷன் செத்த அன்று இருவரும் வில்லியனூர் மாதா கோயிலுக்கு வந்தார்களாம். புருஷனுக்குக் காய்ச்சல், பூசைக்கு வரவில்லை. புழுக்கம் தாங்கமாட்டார் என்று என்ஜினையும் குளிர்மெஷினையும் ஓடவிட்டு, பின் சீட்டில் இடது பக்கம் சாய்ந்துகொண்டார். மழை பிடித்தது.

"கண்ணாடிய ஏத்துடி, உள்ள நனையுதுன்னாரு. நான்தான் ஏத்திட்டுப் போனேன். பூசை முடிஞ்சு வந்து பாக்கறேன், தூங்கறாப்பல கீறாரு. நல்ல சாவு தம்பி. இப்பவும் உள்ள உக்காந்தா வராரு. பேசறாரு. காத்து கம்மியானதுல இருந்து சரியா வரமாட்டேன்றாரு. அதான் கொண்டாந்தேன்."

அந்த வார்த்தையை நான் புதன்கிழமையே கேட்டுவிட்டேன். யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அக். 27, ஞாயிறு

ஷெட் லீவு. சும்மா இருக்க முடியவில்லை.

உண்மையைச் சொன்னால் அந்த அம்மா இனி உள்ளே உட்காரமாட்டார், உயிர் பிழைப்பார். ஆனால் சொன்ன அந்த நிமிஷம் அவருக்குத் தெரிந்துவிடும், புருஷனைக் கொன்றது புகை, புகை வெளியேறாமல் கண்ணாடியை ஏற்றியது தன் கை என்று. நல்ல சாவு என்று பிடித்துக்கொண்டிருப்பதையும் பிடுங்கியதாகும்.

மங்கையிடம் சொன்னேன். ரொம்ப நேரம் வெற்றிலை மென்றாள். "வாய தொறக்காத. வண்டிய மட்டும் செய்" என்றாள்.

அக். 29, செவ்வாய்

விடாத மழை. குழாய் வெடிப்பு வெல்டிங் ஆயிற்று. ஓட்டைக்குத் தகரம் வைத்து ரிவிட், மேலே தார். குளிர்மெஷின் தண்ணீர் வடியும் டியூபையும் பக்கவாட்டில் திருப்பிவிட்டேன். மறுபடி சாம்பிராணி (இந்த முறை கடையில் வாங்கியது). உள்ளே ஒரு பொட்டுப் புகை வரவில்லை. கண்ணாடி ஏற்றி, என்ஜின் ஓட, நானே உட்கார்ந்தேன். மங்கை வெளியே டிபன் பாக்ஸோடு காவல். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, குரல் இல்லை. வெறும் குளிர்ந்த காற்று.

நல்ல வேலை. ஆனால் ஒரு ஆளை வீட்டைவிட்டுத் துரத்திய மாதிரி இருந்தது.

அக். 31, வியாழன்

டிரைவர் வந்து ஓட்டிப்போனான். கண்ணாடி ஏற்றி ஓட்டு, பயமில்லை என்றேன். இறக்கியே ஓட்டினான்.

நவ. 3, ஞாயிறு

நேற்று கல்லறைத் திருநாள். இன்று காலையே வண்டியோடு பிலோமினா அம்மா. கையில் மெழுகுவர்த்தி சொட்டிய தழும்பு. உள்ளே வந்து உட்காரவில்லை.

"இன்னா தம்பி பண்ண? அவரு வரல. கல்லறைக்குப் போற வரைக்கும் பேசிகினே போனேன். பதிலே இல்ல."

சுத்தம் செய்தேன், வேறொன்றும் இல்லை என்றேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பழையபடி செய்துகொடு என்றார். முடியாது என்றேன். ஏன் என்றார். முடியாதும்மா என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன், கோபக்காரன் மாதிரி.

அழவில்லை அவர். அழுதிருந்தால் தேவலை. காலி வண்டியை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது, இங்கேயே கிடக்கட்டும் என்று சாவியை என் கையில் வைத்துவிட்டு, பஸ் ஏறப் போனார். ஒரே வாரத்தில் பத்து வயசு கூடிய நடை.

சீட் பூசணம் பிடிக்காமல் இருக்க நாலு கண்ணாடியையும் பாதி இறக்கிவிட்டு, மேலே தார்ப்பாய். கதவுகள் பூட்டு.

நவ. 5, செவ்வாய்

ராத்திரி முழுக்க மழை. வாளி வழிந்து தரை எல்லாம் தண்ணீர். தார்ப்பாய் காற்றில் விலகிக் கிடந்தது. சீட் நனைந்திருக்குமே என்று ஓடினேன்.

நனையவில்லை. நாலு கண்ணாடியும் ஏறியிருந்தன. கதவுகள் பூட்டியபடியே. சாவி என் சட்டைப் பையில். மங்கையைக் கேட்டேன், ஷெட் பக்கமே வரவில்லை என்று சத்தியம் செய்தாள்.

மூன்று கண்ணாடி தெளிவாக இருந்தது. இடது பின் கண்ணாடியில் மட்டும் உள்பக்கம் ஆவி, ஆள் சாய்ந்து மூச்சு விட்ட அளவுக்கு. தொட்டுப் பார்க்கவில்லை.

இந்த முறை ஏற்றியது அந்த அம்மா இல்லை.

அவர் வந்திருக்கிறார் என்று பாகூர் போய்ச் சொல்லவேண்டும். சொன்னால் வந்து உட்காருவார். உட்காரட்டும், காற்று இப்போது சுத்தம். மழை விட்டதும் சைக்கிள்.