எதுவாகவும் மாறாமல் இருக்க

நவம்பர், வெள்ளி
காலையிலிருந்து மழை. நமுனுகுல மலை கண்ணில் படவே இல்லை. துணி ஒன்றும் காயவில்லை.

கவிதா வந்து நிற்கிறாள். என் நாத்தனார், இவருடைய தங்கை. சிங்கப்பூரில் ஆராய்ச்சி மாணவி. தீபாவளிக்குக்கூட லீவு எடுக்காதவள், சொல்லாமல் கொள்ளாமல். இவர் தேயிலைக் கொழுந்து லொறியோடு பெக்டரிக்குப் போயிருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன், தொடவில்லை. ஆய்வுகூடத்தில் வளர்த்த உயிர்க்கலங்கள் மூன்றாவது தடவையும் கெட்டுப்போயினவாம். கை சரியில்லை என்று பேராசிரியர் சொல்லிவிட்டாராம்.

"திரும்பிப் போகல அண்ணி. ஒங்க ஸ்கூல்ல வேக்கன்சி இருந்தா சொல்லுங்க."

ஆறிய தேத்தண்ணியை மறுபடி சூடாக்கினேன்.

சனி
மழை விட்டது. பசறைச் சந்தை: லீக்ஸ், நெத்தலி, தேங்காய். பஸ்ஸில் நின்றுகொண்டே.

சமைக்கும்போது மெதுவாகக் கேட்டேன், அந்தக் கலங்கள்தான் என்ன என்று. உயர்தர உயிரியல் படிப்பிக்கிற எனக்கே பாடப்புத்தகத்தின் நாலு வரிதான் தெரியும். சொல்லத் தொடங்கினாள். லீக்ஸ் வெட்டுவதை நிறுத்திவிட்டேன்.

மறக்காமலிருக்க: மனித முளையத் தண்டுக்கலம், ஸ்டெம் செல் என்பார்களே, அது. குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் மிஞ்சி, பெற்றோர் சம்மதத்தோடு கொடுத்த கரு முளையங்களிலிருந்து வந்தது. நரம்பு, இதயம், ஈரல், எதுவாகவும் மாறும். மாறாமல் இருப்பது சும்மா இருப்பது என்று நினைத்திருந்தேன். இல்லையாம். விட்டால் ஏதோ ஒன்றாக மாறிவிடும். அப்படியே இருக்க, வெளியிலிருந்து சமிக்ஞை வந்துகொண்டே இருக்க வேண்டும். வளர்ச்சிக் காரணிகள், முக்கியமாக இரண்டு: எஃப்.ஜி.எஃப்-2, அக்டிவின். கலத்தின் மேலுள்ள வாங்கிகளில் ஒட்டும், செய்தி கலக்கரு வரை போகும், மாறாமல் வைத்திருக்கும் பரம்பரையலகுகள், அதாவது ஜீன்கள், அணையாது. அளவும் முக்கியம். மற்ற சமிக்ஞைகள் குறைந்து அக்டிவின் கூடினால், அதுவே குடல், ஈரல் பக்கம் தள்ளிவிடும். எலிக் கலத்துக்கு வேறு காரணி. அது மனிதக் கலத்தில் எடுபடாது.

எஃப்.ஜி.எஃப் சூட்டில் சீக்கிரம் வலுவிழக்கும். அதனால் தினமும் புதுத் திரவம். ஞாயிறு, பண்டிகை, காய்ச்சல், எதுவானாலும். இத்தனை வருடம் இந்தப் பெண் இதைச் செய்திருக்கிறாள். வீட்டில் யாருக்குத் தெரியும்?

ஞாயிறு
தலைமுழுக்கு. கோயிலுக்குப் போகவில்லை.

போனில் படங்கள் காட்டினாள். நல்ல கலங்கள் நெருக்கமாக, வட்ட வட்டமாக. கெட்டவற்றில் பூவிதழ் அடுக்கியது போல வளையங்கள். அழகாகத்தான் இருந்தன, சொல்லவில்லை.

"இதெல்லாம் என்னவா மாறியிருக்கு?"

"நரம்புப் பக்கம்."

"எல்லாமா?"

 போனை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். கை பிசகினால் கண்டபடி மாறும், அங்கொன்று இங்கொன்றாக, என்றாள். பிறகு மெதுவாக, "அக்டிவின் இல்லாட்டித்தான் இப்படி ஒரேயடியா நரம்பாப் போகும். நான் ஊத்தினேன் அண்ணி. ஊத்தினது வேலை செய்யல."

இங்கே சிக்னல் கிடையாது. குடைகூட எடுக்காமல் மேல் ரோட்டுக்கு ஓடினாள். ஆய்வுகூடத் தோழியிடம் சொன்னாளாம்: அக்டிவின் புதுக் குப்பி திறந்து ஒரு தட்டுக்கு, பழைய குப்பியிலிருந்து ஒரு தட்டுக்கு.

நனைந்து வந்தாள். என்ன மூளை இவளுக்கு. அழுத கண்ணோடு இதைக் கண்டுபிடிக்கிறாள்.

வியாழன்
விடைத்தாள் குவியல். ஹாலிஎலப் பக்கம் மண்சரிவு, பஸ் இல்லை.

தோழியிடமிருந்து ஒன்றுமில்லை. கலங்கள் மாற நாள் எடுக்குமாம். கவிதா பருப்பைக் கருக்கிவிட்டாள். படிப்பை விடப் போகிறாயா என்று இவர் கேட்டார். தெரியல அண்ணே, என்றாள். இவர் மேலே கேட்கவில்லை. நல்லது.

திங்கள்
செய்தி வந்தது. பழைய குப்பித் தட்டில் வளையங்கள். புதியதில் வட்டமாக, இறுக்கமாக, மாறாமல். குப்பிதான் கெட்டது. அவள் கையல்ல.

பேராசிரியரிடமிருந்து ஒரே வரி: வா, பேசுவோம். மன்னிப்பு கிடையாது. எனக்குக் கோபம். அவளுக்கு இல்லை. அடுத்த சோதனையை அடுப்படியில் நின்றபடியே திட்டம் போடுகிறாள்.

புதன்
வெயில். பதுளை பஸ் நிலையம், கொழும்பு பஸ். மிளகாய்த்தூளும் தேயிலையும் கட்டிக் கொடுத்தேன்.

ஏறும் முன் அண்ணனிடம் புதுத் தட்டின் படத்தைக் காட்டினாள். இதற்கா இத்தனை அழுகை என்றார் இவர். பிறகு போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். இன்னும் பெரிதாக்கினார். டிரைவர் ஹோர்ன் அடிக்கிறார், கவிதா மிதிபலகையில் நின்று கை நீட்டுகிறாள். இவர் கொடுப்பதாக இல்லை.

"இரு. இதுல ஒரு கலம்னா எது?"