பசை காயுமுன் வைத்த பொட்டு

ஆயுத பூஜை, இரவு.

மடிக்கணினி சார்ஜரின் கம்பி கழுத்தருகே வெடித்திருந்தது. களிமண் போலப் பிசைந்து ஒட்டும் பசையில் மிச்சமிருந்த கடைசிப் பொட்டலத்தை மாலையில் அதைச் சுற்றிப் பூசி, மேசைமேல் வைத்தேன். காலைக்குள் ரப்பர் போல இறுகிவிடும், அதுவரை யாரும் தொடக்கூடாது என்று மனைவியிடம் சொல்லியும் வைத்தேன்.

அவளுடைய தம்பி பக்கத்து ஊரான பாச்சாங்கிலிருந்து பூஜைக்கு வந்தான். எனக்குப் பதவி உயர்வு தவறிய மூன்று முறையும் சிரித்தவன். சார்ஜரைச் சாமி முன்னால் கொண்டுபோய், ஈரப் பசையின் மேலேயே கட்டைவிரலால் அழுத்திச் சந்தனம் வைத்துவிட்டான். பசை பிதுங்கி உள்கம்பி தெரிந்தது; சந்தனம் கலந்த பசை இனி ஒட்டாது.

“என்னடா செஞ்ச?”

“ஆயுதம்னா பொட்டு வைக்கணும் மச்சான். புதுசு வாங்குங்க லா, எத்தனை நாளைக்குத்தான் ஒட்டிக்கிட்டே இருப்பீங்க?”

நாளை ஒன்பது மணிக்கு இணையவழி நேர்காணல். ஐம்பத்திரண்டு வயதில் இன்னொரு அழைப்பு வராது. சார்ஜர் இல்லாமல் என் கணினி ஐந்து நிமிடம் தாங்காது. கடைகள் பத்து மணிக்குத்தான் திறக்கும்.

“தம்பிகிட்ட கேட்டுட்டேங்க. காலையில அவன் லேப்டாப்ப கொண்டு வரானாம்” என்றாள் மனைவி, அவன் கிளம்பிப் போனதும்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். “எத்தனை மணிக்கு வருவான்?” என்றுதான் கேட்டேன்.

எட்டு மணிக்கே வந்துவிடுவானாம். நேர்காணல் முடியும்வரை கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பான். கேட்டுக்கொண்டு.