காற்று எந்தப் பக்கம்

ஜூன் 18
வளிமண்டல ஆய்வுக்கூட இயக்குநர் கூப்பிட்டார். என் ஒப்பந்தம் ஜூலையோடு முடிகிறது. "ஒரு ராக்கெட், அதனால வந்த ஒரு மேகம். ரெண்டையும் முடிச்சுப் போட்டுக் காட்டுங்க. நீட்டிக்கிறேன்."

நியாயம்தான். ராக்கெட் புகையில் நிறைய நீராவி. எண்பது கிலோமீட்டர் உயரத்தில் வானம் வறண்டு கிடக்கிறது. அங்கே நீராவியைக் கொட்டினால் உறைந்து பனித்தூள் மேகமாகும். சூரியன் இறங்கிய பிறகும் நீலமாய் மினுங்கும்.

ஜூன் 21
அக்கா வீட்டில் சாப்பாடு. அத்தான் ராக்கெட் நிறுவனத்தில் எஞ்சின் பார்க்கிறவர். "தண்ணியத்தானே மாப்ள விடறோம், விஷமா?" தண்ணீர்தான் பிரச்சினை என்றேன். "பாத்திரம் கழுவவும் தண்ணிதான். ரெண்டு பேரும் எந்திரிங்க" என்றாள் அக்கா.

ஜூலை 3
வந்துவிட்டது. அடிவானத்திலிருந்து உச்சிவரை, மீன் முள் மாதிரி. முந்தாநாள் ராக்கெட், இன்று மேகம். துறை முழுக்கப் படத்தை அனுப்பினேன்: 'இது ராக்கெட் மேகம்.'

ஜூலை 4
அத்தான் போன். சிரிப்பு அடங்கவே நேரமானது. "வால்வு ஒழுகிச்சு மாப்ள. ராக்கெட் இன்னும் தரையிலதான் நிக்குது."

ஏவுதல் அட்டவணையைப் பார்த்தேன், கிளம்பியதா என்று பார்க்கவில்லை. யார்தான் பார்ப்பார்கள்? — எல்லாரும் பார்ப்பார்கள். அதுதானே வேலை.

ஜூலை 5
திருத்தம் அனுப்பினேன். காபி மெஷின் பக்கம் போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

ஜூலை 12
வெறும் வானம்.

ஜூலை 27
ராக்கெட் கிளம்பியது. அத்தான் வீடியோ அனுப்பியிருக்கிறார்: "இந்தத் தடவ நெஜமாத்தான்."

ஜூலை 30
மேகம். அன்றையதைவிடப் பளிச்சென்று. இயக்குநர் மொட்டைமாடிக்கே வந்துவிட்டார். "இது ராக்கெட்தானா?"

வாய்வரை வந்தது. ஆனால் மூன்றாம் தேதி மேகம் எந்த ராக்கெட்டையும் கேட்டுக்கொண்டு வரவில்லையே.

"தெரியல சார். புகை நம்ம பக்கம் வந்துச்சான்னு மேல்காத்துத் தரவு வந்தாத்தான் சொல்ல முடியும். நாலஞ்சு நாளாகும்."

"நாளைக்கு உங்க ஒப்பந்தம் முடியுது."

"தெரியும் சார்."

அத்தானிடமும் தெரியாது என்றேன். "உடம்பு ஏதும் சரியில்லையா மாப்ள?"

ஆகஸ்ட் 4
தரவு வந்திருக்கும் என்று போனேன். என் நுழைவு அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. தட்டினேன். இயக்குநரே திறந்தார். கையில் காற்று வரைபடம். ஏவுதளத்திலிருந்து எங்கள் வானம்வரை பேனாவால் ஒரு கோடு.

"புது அட்டைக்குப் போட்டோ வச்சிருக்கீங்களா?" என்றார்.