கஜனின் கலியாணக் கார்ட்

ஓகஸ்ட் 11, திங்கள்

விடிய முன்னமே சோளகக் காற்று. கிளிநொச்சித் தூசி முழுக்க எங்கள் அச்சுக்கூடத்துக்குள். ஜன்னலைத் திறந்தால் ஈர மையில் மண் ஒட்டுகிறது, பூட்டினால் வேகிறது. பூட்டிவிட்டு வேலை.

லண்டன் வக்கீலின் கடிதத்தாள் முடிந்தது. பெயர் மையில்லாமல், வெறும் அமுக்கம். தடவினால்தான் பெயர் தெரியும். மெஷினை மிதித்துக்கொண்டே என் மனுசன் ஜூட் சிரித்தார். யாழ்ப்பாணத்தில் அவர் தொழில் பழகின இடத்தில், எழுத்து தாளில் பள்ளம் விழுத்தினால் முதலாளி பிடரியில் போடுவாராம். இப்போது பள்ளம் இல்லாவிட்டால் ஆட்களுக்குக் குறை. கலியாண வீட்டுக்காரருக்கும் பள்ளம்தான் வேண்டும்.

வாங்க: மரூன் மை, உருளை கழுவ மண்ணெண்ணெய், பூனைக்கு மீன்தலை.

பின்னேரம் செல்வமலர் அக்கா. மகன் நிரோஜனின் முப்பத்தோராம் நாள் கார்ட் அடிக்க. அவர்களின் வயலோரம் ஆற்று மணல் அள்ள வந்த டிப்பரை மறித்தவன் அவன். வாளால் வெட்டிப் போட்டார்கள். வெட்டியது டிப்பர்காரர் தவராசாவின் மகன் கஜன். ஊர் முழுக்கத் தெரியும். கண்டவர்கள் வாய் திறக்கவில்லை, கஜன் வெளியே. இப்போது மாப்பிள்ளை. அந்தக் கலியாணக் கார்டும் எங்களிடம்தான். போன கிழமை ஓடர் தந்தார்கள், மாட்டேன் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

அக்கா கதிரையில் இருக்கவேயில்லை.

"அகால மரணம் எண்டு போடாதை ரெஜினா. வெட்டிக் கொல்லப்பட்டவன் எண்டு போடு."

"கார்டில அப்பிடிப் போடுற வழக்கம் இல்லையக்கா."

"ஏன், என்ர பிள்ளை தானா விழுந்து செத்தவனோ?"

"நாங்களும் இஞ்ச இருக்கவேணுமெல்லோ அக்கா."

"அப்ப பயம் எண்டு சொல்லு. வழக்கம் எண்டு சொல்லாதை."

அகால மரணம் என்றே எழுத்துக் கோத்தேன். அவர் போனபின் தண்ணீர் வாளிக்கு ஒரு உதை விட்டேன். பெருவிரல் நகம் பிய்ந்தது. நல்லது.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

காற்று. தலையிடி.

காலை நிரோஜனின் கார்ட், கறுப்பு மை. பின்னேரம் உருளை கழுவி, கஜனின் கார்ட், மரூன். ஒரே மெஷின், ஒரே நாள். வெட்டினவனையும் வெட்டுப்பட்டவனையும் ஒரே காலால் மிதித்தோம். கை நிற்கவில்லை. தவராசாவின் ஆட்கள் மூன்று தரம் போன் எடுத்தார்கள். "நாளைக்கு வேணும். நாளைக்கு எண்டா நாளைக்கு."

ஜன்னல் பூட்டு. மை காயவில்லை. காயப்போடத் தட்டு போதாது. ஜூட் எங்கெங்கோ அடுக்கினார். இருவரும் சண்டை. நான் எறிந்த எழுத்துக்கட்டை அவர் தோளில் பட்டது. மன்னிப்புக் கேட்டேன். கொஞ்சம்தான்.

ஓகஸ்ட் 13, புதன்

கார்ட் எடுக்க கஜனே வந்தான், தாயோடு. நல்ல சேட், மணிக்கட்டில் கோயில் நூல். மேலே இருந்த கார்டை எடுத்துப் பெருவிரலால் தடவினான்.

"வடிவா அமுங்கியிருக்கு அக்கா."

அந்தப் பெருவிரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தாய் ஒரு கார்டை வாசிக்க எடுத்தார். அவன் பறித்தான். "உங்களுக்கு உது விளங்காது. நீங்கள் மஞ்சளைக் குழையுங்கோ, காணும்." பறித்த வேகத்தில் அவரின் சேலை முழங்கைக்கு மேலே போனது. ஐந்து விரலும் பதிந்த நீலம். அவர் சேலையை இழுத்து மூடிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார், மழை வருமோ என்று கேட்டார். சோளகத்தில் எங்கே மழை.

முதல் கார்டின் நான்கு மூலைக்கும் தாய் மஞ்சள் பூசிப் பிள்ளையாருக்கு வைப்பாராம். பிறகு மிச்சம் எல்லாவற்றுக்கும். அதன்பிறகுதான் ஊருக்குக் கொடுப்பார்கள்.

பலசரக்குக் கடையில் பின்னால் நின்ற பெண்கள்:

"அவனுக்கும் பொம்பிளை குடுக்கினம் பாரன்."

"கதைக்காதையடி, ஆக்கள் நிக்கினம்."

ஆக்கள் என்றது என்னை. கார்ட் அடித்தவள்.

ஓகஸ்ட் 14, வியாழன்

வலக்கை வீக்கம். எழுத்து கோணலாக வருகிறது. எழுதவேண்டும்.

பத்து மணிபோல வான் வந்து நின்றது. கஜனும் இன்னும் இரண்டு பேரும், ஒருவன் கையில் இரும்புக் கம்பி. கஜன் ஒரு கார்டை என் முகத்துக்கு நேரே பிடித்தான், பின்பக்கத்தை. பின்பக்கத்தில் மங்கலாகக் கறுப்பு எழுத்து, இடம்வலம் மாறி. ஒரு நொடியில் விளங்கிவிட்டது. காயாத நிரோஜனின் கார்டுகளுக்கு மேலே ஜூட் கலியாணக் கார்டை அடுக்கியிருக்கிறார். அடியில் இருந்த கொஞ்சத்தில் கறுப்பு ஒட்டிவிட்டது. அந்தக் கொஞ்சமே பார்சலின் மேலே போய், அதில் ஒன்று பிள்ளையாருக்கும் போயிருக்கிறது. ஐயர் திருப்பிப் பார்த்திருக்கிறார். வானின் கண்ணாடியில் பிடித்து வாசித்திருக்கிறார்கள். நிரோஜன். அகால மரணம்.

"செத்தவனை என்ர கலியாணத்துக்கு அனுப்பிறியோடி?"

"தம்பி, மை காயேல்லை. தவறி..."

கன்னத்தில் அறைந்தான். வாய்க்குள் இரத்தம். எழுத்துத் தட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கவிழ்த்தார்கள். ஈய எழுத்து முழுக்க நிலத்தில், ஆலங்கட்டி மழை கொட்டின மாதிரி. ஜூட் மெஷினுக்கு முன்னால் போய் நின்றார். அவர் கையை மெஷின் தட்டில் வைத்துக் கம்பியால் அடித்தார்கள். அந்தச் சத்தம்! இப்போதும் கேட்கிறது. எழுத்துத் தட்டி மட்டமாக்கும் மரச்சுத்தியல் எனக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்துக் கஜனின் முகத்தில் விட்டேன். புருவம் பிளந்தது. அவன் என் கையைக் கதவுக்குள் வைத்துச் சாத்தினான்.

பிறகும் கஜன், புருவத்தால் இரத்தம் வடிய வடிய, அந்தக் கார்டைத்தான் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தான்.

"சனிக்கிழமைக்குள்ள எல்லாம் புதுசா அடிச்சு வைக்கவேணும். பின்னால ஒரு புள்ளி கிடந்தாலும் கொளுத்துவன். கடையையும் உங்களையும்."

வேறு எங்கும் போக நாள் இல்லை அவர்களுக்கு. அதனால்தான் மெஷினை உடைக்கவில்லை.

ஓகஸ்ட் 15, வெள்ளி

ஜூட்டின் கைக்கு மாவுக்கட்டு. மூன்று விரல் முறிவு. எனக்கு வீக்கம் மட்டும். விழுந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னோம்.

இன்று அன்னை மரியாளின் திருவிழா. கோயிலுக்குப் போகவில்லை. வீங்கின முகத்தோடு மாதாவுக்கு முன்னால் நிற்க ஏலாது. கோபமும் கூட, மாதாவோடு.

செல்வமலர் அக்கா வந்து நிலத்தில் இருந்து என்னோடு எழுத்துப் பொறுக்கினார். எந்த எழுத்து தட்டின் எந்தக் குழிக்குள் என்று ஒருதரம் காட்டினேன், பிறகு பிழைக்கவில்லை. ஆறுதல் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

"பயந்து பயந்து போட்டாய். அடி விழாமல் விட்டதோ?"

"இல்லையக்கா."

"அப்ப ஏன் பயந்தனி?"

ஒரு 'நி' அவர் உள்ளங்கையில் இருந்தது. குழிக்குள் போடாமல் என்னிடம் நீட்டினார். வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

அவனைக் கொல்லவேண்டும் போல இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லமாட்டேன்.

ஓகஸ்ட் 16, சனி

விடியற்காலையே தொடங்கினேன். தனியே. மரூன் எல்லாம் அடித்து, தனித்தனியாகப் பரப்பி, ஜன்னலைத் திறந்துவிட்டேன். தூசி வந்தால் வரட்டும். பின்பக்கம் துப்புரவு. ஒரு புள்ளி இல்லை.

பிறகு மை உருளையைக் கழற்றினேன். மிகச் சிறிய எழுத்தில் ஒரு வரி கோத்தேன். மூலைப் பூவுக்குக் கீழே வருகிறமாதிரி, மஞ்சள் பூசுகிற இடத்தில்.

நிரோஜன். வெட்டிக் கொல்லப்பட்டவன்.

மையில்லாமல் ஒரு கார்ட் அடித்துப் பார்த்தேன். நேரே பார்த்தால் பூவேலை மாதிரி, சாய்த்துப் பிடித்தால் எழுத்து. பெட்டியில் கறிக்கு இருந்த மஞ்சளைக் குழைத்து விரலால் தேய்த்தேன். பள்ளத்துக்குள் மஞ்சள் இறங்கியது. பெயர் எழுந்து வந்தது.

ஜூட் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். அதற்கு என்ன மறுமொழி சொல்வது என்றும் யோசித்து வைத்திருந்தேன்.

"தாளுக்குப் பின்னால மெத்தையா வைச்சிருக்கிறாய் ரெஜி. முதுகுப்பக்கம் புடைச்சுக் காட்டிக்குடுத்திடும். தகரத்தை வை."

தகரம் வைத்தேன். முன்னால் ஆழம், பின்னால் ஒன்றுமில்லை. எல்லாவற்றுக்கும் அடித்தேன். வீங்கின கையால் தாள் வைக்க, ஒவ்வொரு மிதிக்கும் தோள்வரை வலித்தது. அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது.

பின்னேரம் கஜன், புருவத்தில் தையலோடு. கார்ட் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சந்தேகம் வந்ததை வெளியே கொண்டுபோய் வானின் கண்ணாடியிலும் பிடித்தான். பின்பக்கத்தை மட்டும்தான். முன்பக்கம் அவன் பெயர் இருக்கிற பக்கம், அதில் அவனுக்கென்ன பயம்.

"இப்ப சரி. முதலே இப்பிடிச் செய்திருக்கலாமெல்லோ?"

"ஓம் தம்பி" என்றேன்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு நேரே செல்வமலர் அக்கா வீடு, முப்பத்தோராம் நாள். நிரோஜனின் படத்துக்கு முன்னால் படையல். அவனுக்குப் பிடித்த பாரைமீன் பொரியலும். வெயில் மண்டையைப் பிளந்தது.

சமைக்கும்வரை ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. பிறகு டிரக்டர்காரர் ஒருவர் வந்தார், காலையில் கலியாண வீட்டிலிருந்து கார்ட் கொடுத்தார்களாம். சேட் பொக்கற்றில் இருந்து எடுத்துப் படத்துக்குக் கீழே வைத்தார். மூலை மஞ்சள். மஞ்சளுக்குள் பெயர். அடுத்தவரும் வைத்தார். பந்திக்கு இருக்க முன்னம் கார்டுகள் விளக்கடிவரை வந்துவிட்டன.

அக்கா ஒன்றை எடுத்து வாசித்தார். பிறகு ஒப்பாரி இல்லை, ஒரு கத்தல். பிள்ளை செத்த அன்று அவர் இப்படிக் கத்தவில்லை என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். கத்தி முடித்து என்னை இழுத்து முதுகில் ஓங்கி ஓங்கிக் குத்தினார். நான் தள்ளவில்லை. பிறகு சோறு போட்டார்.

ஒன்றுமட்டும் விளங்கவில்லை. மஞ்சள் பூசும்போதே பெயர் தெரிந்திருக்கும். எப்படி வெளியே வர விட்டார்கள்?

ஓகஸ்ட் 18, திங்கள்

காற்று இல்லை. எல்லாம் அசையாமல் நிற்கிறது. பூனை வரவில்லை.

காலை ஓட்டோ ஒன்று வந்தது. கஜனின் தாய், தனியே. உதடு கிழிந்து, ஒரு கண் மூடி. உள்ளே வந்து ஜூட்டின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். கதிரை இழுத்துவிட்டேன். விரல் பத்தும் மஞ்சள்.

"உங்களுக்கு ஆர் அம்மா அடிச்சது?"

"ஆர் அடிக்கிறது. அவன்தான். ஆரோ போன் எடுத்துச் சொல்லிப்போட்டாங்கள்." தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். உதடு எரிய எரியக் குடித்தார். "எல்லாத்துக்கும் நான்தான் பூசினனான் பிள்ளை. முந்தநாள் இரவு, தனிய இருந்து. பூசிப் பூசிக் கவருக்குள்ள வைச்சு நான்தான் ஒட்டினனான்."

"அப்ப நீங்கள் பாக்கேல்லையோ?"

"எனக்கு வாசிக்கத் தெரியும் பிள்ளை."

ஜூட் எழுந்துபோய்க் கதவை உள்ளால் பூட்டினார். ஜன்னலையும். மரச்சுத்தியல் என் மடியில். அம்மா மெஷினுக்குப் பக்கத்தில், கை கழுவத் தண்ணீர் வைத்தேன், வேண்டாம் என்றார். சந்தியில் தவராசாவின் டிப்பர் திரும்புகிற சத்தம்.