கொமொரோஸுக்கு எதிரே ஒரு கோடு

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே வெயில். மழை வரும் என்று மாமியார் வடகம் காயப்போடவில்லை. மழையும் வரவில்லை.

பொம்மைக் கம்பெனியில் கொலு ஆர்டர் குவிகிறது. கணக்கு, பார்சல், போன் எல்லாம் நானே. சென்னைக்குப் போன தசாவதாரப் பெட்டியிலிருந்து ஒரு வாமனர் மட்டும் குடை உடைந்து திரும்பி வந்திருக்கிறார்.

மதியம் சாப்பிட்டுவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். இணையக் கலைக்களஞ்சியத்தில் நான் ஆரம்பித்து வளர்த்த பக்கம், “வெளிநாடுகளில் இந்தியத் தூதரகங்கள்”. அதன் தலையில் சிவப்புப் பட்டை. நீக்கச் சொல்லி வேண்டுகோள். போட்டவர் முகில்வண்ணன் என்கிற பயனர். எந்த ஊரோ, என்ன வயசோ. காரணம்: “வெறும் முகவரிப் பட்டியல். பாதிக்கு மேல் சான்று இல்லை. தமிழில் இதற்கு என்ன தேவை?” இரண்டு வாரம் விவாதம், பிறகு முடிவு.

யார் வேண்டுமானாலும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்கிற இடம்தான். அழிக்கவும் கேட்கலாம். தெரியும். தெரிந்தும் அந்தப் பட்டையை நாலு தடவை படித்தேன்.

இவர் குவைத் போன புதிதில், அங்கே ஏதாவது ஒன்று என்றால் யாரைக் கேட்பது என்று தேடினேன். தமிழில் ஒரு வரி கிடைக்கவில்லை. அன்று தொடங்கிய பக்கம். குவைத்தில் ஆரம்பித்து, வளைகுடா முடித்து, ஐரோப்பா முடித்து, ஆப்பிரிக்காவில் பாதி.

சாயந்திரம் போனில் இவரிடம் சொன்னேன்.

“யாரோ ஒருத்தன் அழிச்சா அழிச்சிட்டுப் போறான் சபீனா. நீ டீ குடிச்சியா?”

போனை வைத்துவிட்டேன்.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

முகில்வண்ணனுக்குப் பதில் எழுதினேன். முதல் பதிலில் ஒரே கோபம். அழித்தேன். இரண்டாவதில் அழுகை. அதையும் அழித்தேன். கடைசியில் போட்டது: “சான்று இல்லை என்பது சரி. சேர்க்கிறேன். தேவை இல்லை என்பதை ஏற்கவில்லை. — சபீனா, விருத்தாசலம்.”

ஊர் பேரை எதற்குப் போட்டேன் என்று தெரியவில்லை. போட்டதில் ஒரு தெம்பு.

மிளகாய்த்தூள் தீர்ந்துவிட்டது. கேஸ் புக் பண்ண வேண்டும். ஐரோப்பா சான்றுகள் பாதி முடிந்தது.


ஆகஸ்ட் 7, வியாழன்

இன்றைக்கு ஒன்று நடந்தது. ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

செல்வி கம்மாபுரம் பக்கத்துப் பெண். எங்கள் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். வாயே திறக்க மாட்டாள். சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் கறுப்புப் பெயின்ட் காயவில்லை.

“அக்கா, நீங்க எந்தெந்த நாட்டுல எம்பஸி இருக்குதுன்னு எழுதுறீங்களாமே. கொமொரோன்னு ஒரு தீவு. அங்க எங்கக்கா இருக்குது?”

“அங்க யாரு இருக்காங்க?”

“எங்க வூட்டுக்காருதான்.”

பிறகு கொட்டிவிட்டாள். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போன பிறகு வயல் வேலை இல்லை. அவள் வீட்டுக்காரர் சேகர் எலெக்ட்ரீஷியன். ஏஜெண்ட் ஒருவன் கொமொரோஸ் தீவில் ஓட்டல் கட்டுகிற வேலை என்று அனுப்பினான். வேலை பாதியில் நின்றுவிட்டது. கான்ட்ராக்டர் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறான். தங்கிய கொட்டகையில் கரண்ட் இல்லை. பள்ளிவாசல் பக்கத்துக் கடை வைஃபையில் நின்றுதான் பேசுகிறார்.

“இந்தியாக்கு இங்க ஆபீஸே இல்ல, டான்சானியாக்குப் போய்க் கேளுன்னு சொல்றாங்களாம். பாஸ்போர்ட்டே இல்லாம எப்படிக்கா கடல் தாண்டுறது?”

என் பக்கத்தைத் திறந்தேன். ஆப்பிரிக்கா. கொமொரோஸ். தலைநகர் மொரோனி. அதற்கு எதிரே நான் போட்டிருந்தது ஒரு சின்னக் கோடு. தூதரகம் இல்லை என்று அர்த்தம். அவ்வளவுதான்.

செல்வி அந்தக் கோட்டைப் பார்த்தாள். “இல்லீங்களா அப்போ?” என்றாள். என்னால் நிமிர முடியவில்லை.

“நாளைக்குச் சொல்றேன் செல்வி. இல்லன்னு மட்டும் நெனைக்காத.”


ஆகஸ்ட் 8, வெள்ளி

கிடைத்துவிட்டது!!

தூதரகம் இல்லாத நாடு என்றால் கேட்பாரற்ற நாடு என்று அர்த்தமில்லை. பக்கத்து நாட்டிலிருக்கும் நம் தூதரே அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். கொமொரோஸுக்கு மடகாஸ்கர். தலைநகர் அந்தனநாரிவோவில் நம் தூதரகம். அவர்களுடைய தளத்திலேயே, கொமொரோஸும் எங்கள் பொறுப்பு என்று பளிச்சென்று இருக்கிறது. போன் நம்பர், மின்னஞ்சல், எல்லாம்.

கோட்டை அழித்தேன். அந்தனநாரிவோ என்று எழுதினேன். சான்று வைத்தேன். சேமித்தேன்.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தால், இப்படி எத்தனை கோடு போட்டிருக்கிறேன்! ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு சேகர் நின்றுகொண்டிருக்கலாம். அட்டவணையில் புதிதாக ஒரு பத்தி திறந்தேன். தலைப்பு: “தூதரகம் இல்லையெனில் பொறுப்பு யாரிடம்?”

செல்விக்கு அந்த ஊர் பேர் வாயில் நுழையவில்லை. “அந்தநாரி... அர்த்தநாரி...” பெயின்ட் அடிக்கிற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இத்தனை மாசத்தில் முதல் தடவை பார்க்கிறேன்.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஜங்ஷன் ரோட்டில் மீன் நன்றாக இல்லை. கோழி.

செல்வியின் பீரோவில் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் இருந்ததாம். போட்டோ எடுத்து அனுப்பிவிட்டாள். நான் இங்கிலீஷில் தூதரகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். முழுப்பெயர், பாஸ்போர்ட் எண், என்ன நடந்தது, இப்போது எங்கே இருக்கிறார். குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. நடந்தது மட்டும். பக்கத்துக்குச் சான்று தேடித் தேடி வந்த பழக்கம் போலிருக்கிறது.

நாளைக்குப் போனும் பண்ண வேண்டும். இந்தியில் பேசினால்? எனக்கு வராது. செல்விக்குச் சுத்தமாக வராது.

இவருக்கு வரும். குவைத்தில் தினம் அதுதான் பேசுகிறார். கேட்க மனசில்லை. திங்கட்கிழமையிலிருந்து சரியாகப் பேசவில்லை.

கேட்டேன்.

“மடகாஸ்கருக்கா? என்னா சொல்ற நீ?” என்றார். முழுக்கச் சொன்னேன். “லஞ்ச் டைம்ல என்னையும் சேத்து கால் போடு” என்றார்.


ஆகஸ்ட் 11, திங்கள்

முதலாளி ஆபீஸ் அறையைக் கொடுத்தார். ஃபேனை நிறுத்தினோம், சத்தம் கேட்கக்கூடாதென்று. வியர்வையில் நானும் செல்வியும். ஒரே அழைப்பில் விருத்தாசலம், குவைத், அந்தனநாரிவோ. என் வாழ்க்கையில் இப்படி ஒரு போன் பண்ணினதில்லை.

எடுத்தது ஒரு பெண் அதிகாரி. இந்தி. இவர் சரளமாகப் பேசுகிறார்! ஊரில் ரேஷன் கடையில் வாய் திறக்காத மனுஷன். நடுவில் அந்த அம்மா ஏதோ கேட்டார். இவர் சிரித்துவிட்டு நீளமாக ஒரு பதில் சொன்னார். அதில் “மேரி பீவி” என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

அந்த அம்மா மின்னஞ்சலைத் திறந்து பார்த்துக்கொண்டே பேசினாராம். விவரம் முழுசாக இருக்கிறது, இது போதும், கான்ட்ராக்டரிடம் நாங்கள் பேசுகிறோம், பாஸ்போர்ட் வராவிட்டால் அதற்குப் பதிலாக ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் தருகிறோம், அவரை அங்கேயே இருக்கச் சொல்லுங்கள் என்றாராம்.

வைத்ததும் செல்வி, அங்கேயே இருக்கச் சொல்லிச் சேகருக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். நான் ஃபேனைப் போட்டேன்.

சாயந்திரம் இவரிடம், “நடுவுல என்னா கேட்டாங்க?” என்றேன்.

“இந்த நம்பர் எப்படிக் கெடச்சதுன்னு கேட்டாங்க.”

“நீங்க என்னா சொன்னீங்க?”

“என் பொண்டாட்டி கலைக்களஞ்சியம் எழுதுறா, அதுல இருக்குதுன்னேன். பொய்யா சொன்னேன்?”

மறுபடி போனை வைத்துவிட்டேன். இந்தத் தடவை வேறு காரணம்.


ஆகஸ்ட் 13, புதன்

மழை! சூளைக்கு வெளியே காயவைத்த பொம்மைகளை ஓடி ஓடி எடுத்தோம். மீனாட்சி ஒன்று கரைந்து போனாள்.

முகில்வண்ணன் வந்திருக்கிறார். “புதிய பத்தியைப் பார்த்தேன். நல்ல யோசனை. ஆனால் ஒரு பிழை. செஷல்ஸில் இருப்பது தூதரகம் அல்ல, உயர் ஆணையம். காமன்வெல்த் நாடுகளில் அப்படித்தான் பெயர். மொரீஷியஸையும் பாருங்கள்.”

பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. திருத்தினேன். “நன்றி” என்று எழுத ஐந்து நிமிஷம் பிடித்தது. எழுதினேன்.

மாலையில் பார்த்தால் பசிபிக் தீவுகளுக்கு அவரே சான்று சேர்த்துக்கொண்டிருக்கிறார். அழிக்கக் கேட்ட மனுஷன். இது என்ன வழக்கமோ!


ஆகஸ்ட் 15, வெள்ளி

கம்பெனியில் கொடி ஏற்றி மிட்டாய். லீவு.

சேகரிடமிருந்து செல்விக்கு வாய்ஸ் மெசேஜ். எனக்குப் போட்டுக் காட்டினாள். பின்னால் கடல் சத்தம், காகம் மாதிரி ஏதோ பறவை. “ஏய் செல்வி, தூதரகத்துலேர்ந்து என் பேரச் சொல்லிக் கூப்ட்டாங்கடி. முழுப்பேரு. அப்பா பேரோட. இங்க வந்ததுலேர்ந்து என்னை யாரும் பேரு சொல்லிக் கூப்புட்டதே இல்லடி.”

அவள் அதை எத்தனை தடவை கேட்டிருப்பாளோ. நானே மூன்று தடவை கேட்டேன்.


ஆகஸ்ட் 18, திங்கள்

ஜெயித்தாயிற்று.

முகில்வண்ணன் தன் வேண்டுகோளைத் தானே கோடு போட்டு அடித்திருக்கிறார். கீழே: “திரும்பப் பெறுகிறேன். இப்படி ஒரு அட்டவணையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. தேவை என்ன என்று கேட்டிருந்தேன். பதில் பக்கத்திலேயே இருக்கிறது.” நிர்வாகி வந்து முடிவு எழுதிவிட்டார்: “வைத்திருக்கவும்.” சிவப்புப் பட்டை போயே போய்விட்டது. பக்கம் துடைத்த ஸ்லேட் மாதிரி இருக்கிறது.

சேகர் கதையை நான் அங்கே எழுதவே இல்லை. எழுதியிருந்தால் இரக்கப்பட்டு விட்டுவிட்டார்கள் என்று ஆகியிருக்கும். சான்றை வைத்து ஜெயித்தது. அதுதான் இனிப்பு.

கம்பெனி முழுக்க ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன். முதலாளி, “என்னம்மா விசேஷம்?” “ஒரு பக்கத்த அழிக்காம வுட்டுட்டாங்க சார்.” ஒன்றும் புரியாமல் இரண்டு எடுத்துக்கொண்டார். மாமிக்குச் சர்க்கரை. மறைத்து வைத்தேன். கண்டுபிடித்துவிட்டார்.


ஆகஸ்ட் 21, வியாழன்

கான்ட்ராக்டர் பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று சாதித்தானாம். தூதரகம் அவசரச் சான்றிதழே அடித்துவிட்டது. மொரோனியில் கடை வைத்திருக்கும் ஒரு குஜராத்தி வியாபாரி கையில் கொடுத்தனுப்பி, அவர் சேகரிடம் சேர்த்துவிட்டார். டிக்கெட்டைக் கான்ட்ராக்டர் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

செல்வி இன்று எழுதிய கண்களைப் பார்த்தேன். லட்சுமி, சரஸ்வதி, செட்டியார் பொம்மை வரைக்கும் எல்லாம் சிரிக்கிற மாதிரி இருக்கிறது. முதலாளியும் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டார். சென்னைக்குப் போகட்டும்.


ஆகஸ்ட் 26, செவ்வாய்

நாளைக்குப் பிள்ளையார் சதுர்த்தி. ஜங்ஷனில் எருக்கம்பூ மாலை, களிமண் பிள்ளையார், ஒரே கூட்டம். சென்னை ரயில் வந்தது.

சேகர் இறங்கினார். போட்டோவில் பார்த்ததில் பாதி ஆள். கறுத்து, கன்னம் ஒட்டி, கையில் ஒரு ரெக்ஸின் பை. செல்வி ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். அவர் பக்கத்தில் வந்ததும் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அப்புறம் பையைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, “நடங்க, பஸ்ஸு போயிடும்” என்று முன்னால் நடந்தாள். முகத்தை யாருக்கும் காட்டவில்லை.

சேகர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

“நீங்கதானுங்களா அந்த அக்கா?”

“அதெல்லாம் இருக்கட்டும். மொதல்ல வூட்டுக்குப் போயி சாப்புடுங்க.”

போகவில்லை. தயங்கினார். “அக்கா, எங்கூடக் கொட்டகையில கமால்னு ஒரு ஆளு. வங்காளதேசம். எனக்குக் காய்ச்ச வந்தப்ப அவருதான் கஞ்சி வச்சிக் குடுத்தாரு. அவரு பாஸ்போர்ட்டும் அவன்கிட்டதான் இருக்குது. நான் கெளம்பறப்ப கேட்டாரு, எங்க நாட்டு ஆபீஸு எங்க இருக்குன்னு உங்க அக்காவக் கேட்டுச் சொல்லுன்னு.”

செல்வி பஸ்ஸிலிருந்து கத்துகிறாள். ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவவில்லை. மடிக்கணினி. புதிய பக்கம். தலைப்பு: “வெளிநாடுகளில் வங்காளதேசத் தூதரகங்கள்”. அகர வரிசைப்படி அங்கோலாவில் ஆரம்பிக்க வேண்டும்.

கொமொரோஸில் ஆரம்பித்தேன்.